வாசலில் ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பு

உள்ள வா பிள்ள. செருப்ப வெளிய விடாத, கையோட எடுத்து உள்ள வை. ஆங், அந்த மூலைல. கதவ நான் சாத்திக்கிறேன். மேல் தாழ்ப்பாளையும் போட்டுறணும். கீழ் தாழ்ப்பாள நம்ப முடியாது, ஓங்கி ஒரு இடி இடிச்சா விட்டுக்குடுத்துரும்.

மூக்கப் பொத்தாத, அது என் வீட்டு வாடை இல்ல. வரும்போது பாத்தேல்ல, எதிர்வீட்டுக் கதவுல துணிப்பை ஒண்ணு தொங்குதே, பால் பாக்கெட் போடுற பை, அதுல இருந்துதான் வருது. புளிச்சுப் போச்சு. அது ஒரு கதை, அப்புறம் சொல்றேன். எல்லாம் வேணும்னே பண்றது.

உக்காரு. அந்த நாற்காலி வேணாம், அது ஜன்னலுக்கு நேரா இருக்கு. இங்கன உக்காரு. பேரு வினோதினின்னு சொன்ன. ஊரு அரூர். அரூர்ல எங்க? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலயா? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால என்ன இருக்கு? சரி விடு, நான் அரூர் பாத்ததே இல்ல, நீ என்ன சொன்னாலும் கேட்டுக்க வேண்டியதுதான். ஆஸ்பத்திரில நர்ஸ் வேலை. அடையாள அட்டை இருக்கா? காட்டு பாப்போம். போட்டோல கொஞ்சம் பூசினாப்புல இருக்க. இளைச்சிட்டியா? ஹாஸ்டல் சாப்பாடு அப்படித்தான் பண்ணும்.

தப்பா எடுத்துக்காத. என் தொழில் அப்படி. பெரிய ஜவுளிக்கடைல லேடி செக்கிங். ராத்திரி கடை அடைச்சதும் வேலை பாக்குற பிள்ளைக வரிசையா வருவாளுக. ஒவ்வொருத்தி பையையும் தொறந்து பாத்து, இடுப்பத் தடவிப் பாத்து, டிபன் பாக்ஸ் மூடியக் கூட கழட்டிப் பாத்துத்தான் வெளிய விடுவேன். எத்தன வருஷமாப் பாக்குறேன், இதுவரைக்கும் ஒருத்தியக் கூட பிடிச்சதில்ல. அம்புட்டு சாமர்த்தியமா எடுக்குறாளுக.

நீ சாயந்தரத்துக்குள்ள ஹாஸ்டல்காரங்களுக்குப் பதில் சொல்லணும்னு போன்ல சொன்ன. கட்டில் ஒண்ணு காலியா வச்சிருக்காங்க, வேணுமா வேணாமான்னு கேக்காங்க. இல்லாட்டி இங்க வந்து என்கூட இருக்கணும். ரெண்டுல ஒண்ணு. நான் ரெண்டையும் பாத்தவ. உள்ளத உள்ளபடி சொல்றேன், கேட்டுக்க. என் பக்கம் இழுக்குறேன்னு நினைக்காத. உனக்கு எது சரின்னு படுதோ அதச் செய்யி. ஆனா ஹாஸ்டலுக்கு மட்டும் போகாத.

நான் கோவில்பட்டிக்காரி. செண்பகவல்லின்னு பேரு. கல்யாணம் ஒண்ணு நடந்துச்சு, அது நிக்கல, அத விடு. கோயம்புத்தூருக்கு வந்தப்ப எனக்கு யாரையும் தெரியாது, நேரா ஹாஸ்டல்லதான் சேந்தேன். டவுன்ஹால் பக்கம். ரூமுக்கு நாலு கட்டிலு. வார்டன் பேரு பிலோமினா. கேட்டா நல்லவங்கன்னுதான் எல்லாரும் சொல்லுவாளுக. நான் அப்படி டக்குன்னு நம்புற ஆளு இல்ல.

அங்க ஒரு வழக்கம் உண்டு. ராத்திரி சோறு போடுறதுக்கு முன்னால எல்லாரும் ஹால்ல வந்து நிக்கணும். அந்தம்மா பேரு கூப்பிடும். கைல நோட்டு கீட்டு கிடையாது, எல்லாம் மனப்பாடம். 'செண்பகவல்லி'ன்னு கூப்பிட்டா 'இருக்கேன்'னு சொல்லணும். 'எஸ் மேடம்' கூடாது, கையத் தூக்குனாலும் ஒத்துக்காது. அவளுக்காக இவ சொல்லுறதும் ஆகாது. அவங்கவங்க வாயால, அவங்கவங்க குரல்ல, 'இருக்கேன்'. எனக்கு அப்பவே மனசுக்குள்ள உறுத்துச்சு. நாங்க என்ன ஜெயில்லயா இருக்கோம்? எவ எவ வெளிய சுத்துறான்னு வேவு பாக்கத்தானே இது? அதுலயும் என் பேரச் சொல்லும்போது மட்டும் ஒரு நொடி கூடுதலா என் முகத்தப் பாக்கும். ஏன் பாக்கணும்? நானும் பாத்தேன், விடல.

ஒரு நா எனக்குக் காச்சல். நெருப்பாக் கொதிக்குது, எந்திரிக்க முடியல. ரூம் பிள்ளைக எல்லாம் ஊருக்குப் போயிருந்தாளுக, நான் உள்ள தாழ்ப்பாள் போட்டுப் படுத்துட்டேன். கீழ என் பேரு கூப்பிட்டிருக்காங்க. பதில் இல்ல. உடனே அந்தம்மா வாட்ச்மேனக் கூட்டிட்டு மேல வந்து, சுத்தியலால அடிச்சு தாழ்ப்பாளையே பேத்துட்டாங்க. நீ என்ன நினைக்க? காச்சலுக்கு மருந்து குடுக்கவா வந்தாக? குடுத்தாங்கதான். கஞ்சியும் வச்சுக் குடுத்தாக, விடிய விடிய பக்கத்துல உக்காந்து நெத்தில துணி நனைச்சுப் போட்டாக. ஆனா அந்தச் சாக்குல என் அலமாரி திறந்திருக்கா பூட்டியிருக்கான்னு பாத்துட்டாகல்ல? எனக்கு அந்தக் காச்சல்லயும் கண்ணு அலமாரி மேலதான். நல்லவேள, பூட்டு பூட்டுனபடியே இருந்துச்சு.

அப்புறம்தான் மூக்குத்தி காணாமப் போச்சு. ஒத்தக்கல்லு மூக்குத்தி. குளிக்கப் போறப்ப கழட்டி வைப்பேன். ஒரு நா வந்து பாத்தா இல்ல. ரூம்ல என்னையத் தவிர மூணு பேரு. மூணு பேரையும் வாசல்ல வரிசையா நிக்க வச்சு, கடைல எப்படிச் செய்வேனோ அப்படியே செஞ்சேன். பை, இடுப்பு, டிபன் பாக்ஸ். ஒருத்தி அழுதா. அழுறவள முதல்ல விடக் கூடாது, அதான் எங்க தொழில்ல பாடம். அவளோட பையத் தலைகீழாக் கொட்டினேன். கிடைக்கல. அன்னைலருந்து ஒருத்தியும் என்கூட முகம் கொடுத்துப் பேசல. குத்தமுள்ள நெஞ்சு, எப்படிப் பேசும்? பிலோமினாம்மா என்னையக் கூப்பிட்டு, அந்தப் பிள்ளைககிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளு செண்பகம்னு சொல்லுச்சு. திருடு குடுத்தவ மன்னிப்புக் கேக்கணுமாம். எந்த ஊரு நியாயம் இது? அந்த மாசமே வெளியேறிட்டேன்.

ஹாஸ்டலக் காலி பண்ணும்போது பாத்தா, என் பழைய கைப்பை இருக்கே, அதோட உள் துணி ஒரு ஓரமாக் கிழிஞ்சிருக்கு, அந்தக் கிழிசலுக்குள்ள கிடக்கு மூக்குத்தி! பாத்தியா? எடுத்தவளே பயந்துபோயி, எனக்குத் தெரியாம கொண்டாந்து வச்சிருக்கா. எம்புட்டுத் திறமை இருந்தா கிழிசலத் தேடிக் கண்டுபிடிச்சு வச்சிருப்பா? அந்த மாதிரி ஆளுககூடத்தான் நான் அத்தன வருஷம் தூங்கி எந்திரிச்சிருக்கேன்.

ஏன் வாசலயே பாக்குற? கூட யாராவது வந்திருக்காங்களா? இல்லல்ல. சரி.

வீடு தேடின கதையக் கேளு. ஒத்தைப் பொம்பளைக்கு வீடு குடுக்க இந்த ஊர்ல யாருக்கு மனசு வருது? புருஷன் எங்க, வருவாரா, வேற யாரு வருவா, அண்ணன் தம்பின்னு சொல்லிட்டு யாரும் வரக் கூடாது, ராத்திரி எத்தன மணிக்கு வருவ, ஏன் அத்தன மணிக்கு வார... ஒரு வீட்ல ஓனரம்மா என்கிட்ட கல்யாணப் போட்டோ இருந்தாக் கொண்டு வான்னுட்டா. இப்படிச் சந்தேகப்பட்டா மனுஷி எப்படி வாழ முடியும் சொல்லு? ஒரு பொம்பளைய இன்னொரு பொம்பள நம்ப மாட்டேங்குறாளே! எனக்கு வயிறெரிஞ்சு போச்சு.

கடைசில இந்த வீடு. ஓனர் பேரு நஞ்சப்பன். எதுவுமே கேக்கல. "ஏனுங் அம்மிணி, தனியாத்தான் இருப்பீங்களாட்ட? தண்ணி நல்லா வருமுங்க. நீங்க பாட்டுக்கு இருங்க"ன்னு சாவியக் குடுத்துட்டாரு. எனக்குத் திக்குனு ஆயிருச்சு. ஒரு கேள்வியும் கேக்காம ஒருத்தன் வீடு குடுக்குறான்னா அதுல ஏதோ இருக்குல்ல? வீட்ட தலைகீழாப் புரட்டிட்டேன். சுவத்தத் தட்டிப் பாத்தேன். பல்பக் கழட்டிப் பாத்தேன். ஒண்ணும் அகப்படல.

இந்த ஊர்க்காரங்க பேச்சு இருக்கே பிள்ள, அதத்தான் என்னால இன்னும் நம்ப முடியல. எல்லாத்துக்கும் 'ங்க'. வாங்க போங்க, ஆமாங்க இல்லீங்க. எங்க ஊர்ல கோவம் வந்தா கோவமாப் பேசுவோம், பாசம் வந்தா வாடி போடின்னு பேசுவோம். ஆளு என்ன நினைக்கான்னு மூஞ்சிலயே தெரிஞ்சிரும். இங்க திட்டுனாலும் 'ங்க' போட்டுத் திட்டுறாங்க. எப்பவும் இம்புட்டு மரியாதை குடுக்குறவங்க மனசுல என்னதான் வச்சிருப்பாங்க?

அதுல முதல் ஆளு எதிர்வீட்டுக்காரி. மயிலாத்தா. வயசு ஒரு அம்பத்தெட்டு இருக்கும். இந்த மாடில மொத்தமே ரெண்டு வீடுதான், இதுக்கு மேல மொட்டை மாடி. அவ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வந்த அன்னைக்கே கதவத் தட்டி ஒரு சொம்பு மோர் குடுத்தா. "புதுசா வந்திருக்கீங்க, என்ன வேணும்னாலும் கேளுங்க"ன்னா. வாங்கி வச்சேன். குடிக்கல.

வீட்டுக்காரர் எங்கன்னு கேட்டேன். மில்லுல நைட் ஷிப்ட்டுங்கன்னா. வாசல்ல அவரு செருப்பு கிடக்கும், கருப்புத் தோல் செருப்பு. இன்னைக்கு வரைக்கும் அந்த ஆள நான் கண்ணால பாத்ததில்ல. நான் வேலைக்குப் போகும்போது தூங்குறாருங்கா, வரும்போது ஷிப்ட்டுக்குப் போயிட்டாருங்கா. செருப்ப விட்டுட்டு வெறுங்காலோடவா மில்லுக்குப் போவான் மனுஷன்? கேட்டா ஷூ போட்டுட்டுப் போயிருக்காருங்கா. ஏதோ போலீஸ் கேசுல மாட்டித் தலைமறைவா இருக்கான்னுதான் நான் முடிவு பண்ணி வச்சிருக்கேன்.

செருப்புன்னதும் என் கதைக்கு வாரேன். என்கூட கடைல இருக்கிற ஒருத்தி சொன்னா, அக்கா, தனியா இருக்கீங்க, வாசல்ல ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பு வாங்கிப் போடுங்க, உள்ள ஆம்பள இருக்குன்னு நினைச்சு ஒருத்தனும் வாலாட்ட மாட்டான்னு. நல்ல யோசனை. பிளாட்பாரத்துல போயி வாங்கினேன். கடைக்காரன் அண்ணனுக்கு என்ன சைஸுங்கன்னு கேக்கான். இருக்கிறதுலயே பெருசாக் குடுன்னேன். வாங்குறதுதான் வாங்குறோம், சின்னக் காலுக்கு யாரு பயப்படுவா? கொண்டாந்து வாசல்ல போட்டேன். பாத்துருப்ப, பழுப்பு நிறம், தோணி மாதிரி கிடக்குமே, அதான்.

கொஞ்ச நாளு நிம்மதி. அப்புறம் ஒரு நா வேலை முடிஞ்சு வந்து பாக்குறேன், செருப்பு திரும்பிக் கிடக்கு. நான் மூக்கு உள்ள பாக்க வச்சிருந்தேன், இப்ப வெளிய பாக்குது. மறுநா ஒண்ணு இங்கன, ஒண்ணு அங்கன. யாரோ அவசரமாக் கழட்டிட்டு உள்ள போன மாதிரி. மழை பெஞ்ச அன்னைக்கு அதுல சேறு! யோசிச்சுப் பாரு. நான் காசு குடுத்து வாங்குன செருப்பு, யாருமே போடாத செருப்பு, அதுல சேறு. எவனோ அதப் போட்டுட்டு நடக்கான்னுதானே அர்த்தம்? கட்டில இழுத்துக் கதவுக்கு முட்டுக் குடுத்துட்டுப் படுத்தேன். தூக்கம் வரல.

பிடிச்சே தீரணும்னு ஒரு லீவு நாளா பாத்து விடியக்காலைலயே எந்திரிச்சுக் கதவு ஓட்டைல கண்ண வச்சு நின்னேன். அந்த ஓட்டைல முன்னால பிளாஸ்திரி ஒட்டியிருந்தேன், அந்தப் பக்கத்துல இருந்து யாரும் பாத்துறக் கூடாதுன்னு. அதப் பிச்சிட்டு நின்னேன். நின்னு நின்னு காலு மரத்துப் போச்சு. எதிர்க்கதவு தொறந்துச்சு. மயிலாத்தா விளக்கமாத்தோட வந்தா. வராந்தாவக் கூட்டினா. கூட்டி முடிச்சிட்டு, குனிஞ்சு, என் செருப்ப எடுத்தா. முந்தானையால துடைச்சா. ஒண்ணத் திருப்பி வச்சா, கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தா, இன்னொண்ணையும் கொஞ்சம் கோணலா வச்சா. பூந்தொட்டில இருந்து ஒரு சிட்டிகை மண்ணெடுத்து அடில தேய்ச்சா. பாத்துட்டே இருக்கேன்.

மண்ணு! காலடி மண்ண வச்சு என்னெல்லாம் பண்ணுவாங்கன்னு உனக்குத் தெரியாதா? நீ நர்ஸு, நம்ப மாட்ட. எங்க பக்கம் ஒரு குடும்பமே அதுல அழிஞ்சிருக்கு. கதவ ஒரே தொறப்புத் தொறந்து அவ கைய எட்டிப் பிடிச்சேன். முந்தாநாள் நடந்தது இது, எனக்கு லீவு. கேட்டேன் பாரு கேள்வி, பட்டியல் போட்டா உன் காது தாங்காது. செய்வினைக்காரின்னேன். உன் புருஷன் போலீஸுக்குப் பயந்து உள்ள கிடக்கான், நீ வெளிய எனக்கு மண்ணு வைக்கன்னேன். இனிமே என் வாசப்படிய மிதிச்சா நடக்கிறதே வேறன்னேன்.

அவ என்ன சொன்னா தெரியுமா? அப்பவும் குரல ஒசத்தல. "தூசி படிஞ்சு ஒரே எடத்துல கெடந்தா ஆரும் போடாத செருப்புன்னு பாக்கறவிங்களுக்குத் தெரிஞ்சு போயிருமுங்க. அதுக்குத்தானுங்க திருப்பி வெச்சேன். எங்கூட்டு வாசல்ல கெடக்கறதையும் தெனமுந்தான் திருப்பி வெக்கறனுங்க. நீங்க பயந்துக்குவீங்கன்னு தோணாமப் போச்சுங்க"ன்னா. கண்ணுல தண்ணி. நான்தான் சொன்னேன்ல, அழுறவள முதல்ல விடக் கூடாது. உன் புருஷன் செருப்ப நீ எதுக்குத் திருப்பி வைக்கணும், அந்த மகாராசாவுக்குத் திருப்பிப் போட்டுக்கத் தெரியாதான்னு கேட்டேன். என்னையே பாத்தா. உள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டா.

அன்னைலருந்து வீம்பு. அவளும் வெளிய வரல, நானும் எட்டிப் பாக்கல. நேத்து விடியக்காலைல உள்ள எதையோ தொம்முனு போட்டா. அண்டாவோ குடமோ. கோவத்த என் மேல காட்ட முடியாம பாத்திரத்து மேல காட்டுறா. நேத்துப் பாலையும் எடுக்கல, இன்னைக்குப் பாலையும் எடுக்கல. புளிச்சு நாறட்டும், இவ சகிக்க முடியாம வந்து கதவத் தட்டுவான்னு நினைக்கா. பகல்லயும் லைட்டு எரியுது, ஜன்னல் வழியாத் தெரியுது. எல்லாம் எனக்குத் தெரியணும்னு பண்றது. நான் தட்டுவேனா? கோவில்பட்டிக்காரி பிள்ள நான்.

இதெல்லாம் எதுக்கு உங்கிட்டச் சொல்றேன்னா, வீடுன்னா அக்கம்பக்கம் இப்படித்தான் இருக்கும், பாத்து நடந்துக்கணும். ஆனா ஹாஸ்டலுக்கு இது எம்புட்டோ மேல். இங்க நீ ராணி. உன்னைய ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. சில விஷயம் மட்டும் ஒழுங்கா இருந்தாப் போதும். வேலை விட்டதும் நேரா வீட்டுக்கு வரணும். பால்கனில நின்னு போன் பேசக் கூடாது. யாரையும் கூட்டிட்டு வரக் கூடாது, அண்ணன் தம்பின்னாலும் கீழ நின்னுதான் பேசணும். வெளிய போகும்போது பைய ஒரு தடவ தொறந்து காட்டிட்டுப் போ, உன்னையச் சந்தேகப்பட்டு இல்ல, எனக்குப் பழகிப்போச்சு. அப்புறம் ராத்திரி சோத்துக்கு முன்னால நான் ஒரு தடவ உன் பேரச் சொல்லிக் கூப்பிடுவேன். நீ 'இருக்கேன்'னு சொல்லணும். நீ எந்த ரூம்ல இருந்தாலும் சரி. வேற எதுக்கும் இல்ல. சும்மா.

என்ன சிரிக்க? அந்தம்மா மாதிரியே இருக்கா? அது வேற, இது வேற. அது வேவு.

சரி, மறைச்சு என்ன ஆகப் போகுது, சொல்லிப்புடுறேன். எனக்குப் பயமா இருக்கு. ஒத்தையா இருக்கப் பயமா இருக்கு. திருடனுக்குப் பயப்படல. போன மாசம் குளியலறைல சோப்பு மேல காலு வச்சு வழுக்கிட்டேன். அடி ஒண்ணும் இல்ல, தொட்டிய எட்டிப் பிடிச்சிட்டேன். ஆனா அங்கனயே தரைல உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். மண்டைல பட்டிருந்தா? கத்துனா யாருக்குக் கேக்கும்? கேட்டாலும் உள்ள எப்படி வருவாங்க? மேல் தாழ்ப்பாளும் போட்டுத்தானே இருக்கேன். ஹாஸ்டலா இருந்தா ராத்திரி ஒரு பேரு விட்டுப் போச்சுன்னு தேடிட்டு வந்திருப்பாங்க. இங்க என் பேரச் சொல்லிக் கூப்பிட ஒரு நாதி இல்ல பிள்ள. அதான் கூட இருக்க ஆளு வேணும்னு விளம்பரம் போட்டேன். வாடகைக்காகன்னு நினைச்சிருப்ப. வாடகைய நான் ஒருத்தியே சமாளிச்சிருவேன்.

ஏன் எந்திரிச்சிட்ட? காப்பி போடுறேன், உக்காரு.

என்ன கேட்ட? தொம்முனு விழுந்தது எப்பவா? நேத்து விடியக்காலைல, பால்காரன் வர்றதுக்கு முன்னால. ஏன்? அதுக்கப்புறம் எந்தச் சத்தமும் கேக்கல. பாத்திரம் உருள்ற சத்தம் கூட இல்ல. அவ வீட்டுக்காரர நான் எப்பவாவது பாத்திருக்கனாவா? அதான் சொன்னேனே, பாத்ததே இல்லன்னு. நீ எதுக்கு என்னையக் குறுக்கு விசாரணை பண்ற? போகணும்னா நேராச் சொல்லிட்டுப் போ. ஹாஸ்டல்தான்னு முடிவு பண்ணிட்ட, அதுக்கு ஒரு சாக்கு. நீ உள்ள வரும்போதே எனக்குத் தெரியும், நீ நிக்கிற ஆளு இல்லன்னு. இரு, தாழ்ப்பாள நான் எடுக்குறேன். மேல் தாழ்ப்பாள் கொஞ்சம் இறுகும்.

அங்க ஏன் போற? படிக்கட்டு இந்தப் பக்கம். அது அவ வீட்டு வாசல். ஏ பிள்ள, குனிஞ்சு என்ன பாக்குற? அது அவ புருஷன் செருப்பு, அதத் தொடாத.

தூசியா?

ஆமா, தூசியாத்தான் இருக்கு. நேத்து திருப்பல. இன்னைக்கும் திருப்பல. எனக்குத் தெரிஞ்சு ஒரு நா தவறாமத் திருப்புவா, என்னோடதையும் சேத்துத்தானே... அந்த மனுஷன் ஷிப்ட்டு முடிஞ்சு வந்திருந்தா இதக் காலுல மாட்டியிருப்பான்ல. பாலையாவது எடுத்து உள்ள வச்சிருப்பான்ல. உள்ள ஆளு இருந்தா ஏன் எடுக்க...

'எங்கூட்டு வாசல்ல கெடக்கறதையும் தெனமுந்தான் திருப்பி வெக்கறனுங்க.'

அடிப்பாவி. அப்படி ஒரு ஆளே கிடையாதா இந்த வீட்ல?

எங்கிட்ட வாய் விட்டே சொல்லியிருக்கா. நானும் உன்னைய மாதிரிதான்டின்னு சொல்லியிருக்கா, எனக்குத்தான் ஏறல. நான் செய்வினைக்காரின்னேன். உள்ள ஒத்தையா... தள்ளு, நான் தட்டுறேன். நீ கூப்பிட்டா உன் குரல் அவளுக்குத் தெரியாது. மயிலாத்தாக்கா! யக்கா! நான் செண்பகம். எதிர்வீட்டு செண்பகவல்லி. கதவத் தொறங்க! கோவத்த அப்புறம் வச்சுக்கலாம், ஒரு சத்தம் குடுங்க போதும். யக்கா! மயிலாத்தா! மயிலாத்தா!

இரு. மூச்சுக் காட்டாத. கதவுல காத வை.

கேக்குதா? கேட்டுச்சா உனக்கு? 'இருக்கேனுங்க'ங்கா. அடியாத்தீ, உசுரு இருக்கு! குளியலறைப் பக்கம் இருந்து வருது. 'இருக்கேனுங்க'ன்னு சொல்றா. விழுந்து கிடக்கிற கிடையில இவ 'ங்க' போடுறா பாரு. யக்கா, பேசாதீங்க, அசையாதீங்க, இந்தா வந்துட்டோம். என்னைய மன்னிச்சிரு தாயி, கதவ உடைச்சிட்டு வாரோம், நான் இங்கனதான் நிக்கேன், எங்கயும் போகல.

நீ கீழ ஓடு பிள்ள. முதல் மாடில ஒரு ஆட்டோக்காரர் இருக்காரு, அவரையும் பக்கத்து வீட்டு ஆளுகளையும் கூப்பிடு. சுத்தியல் கடப்பாரை எது இருந்தாலும் எடுத்துட்டு வரச் சொல்லு. ஆம்புலன்ஸுக்கு நீயே போன் போடு, உனக்குத்தான் என்ன சொல்லணும்னு தெரியும். ஹாஸ்டலா இதுவான்னு அப்புறம் பாத்துக்கலாம். நின்னு பாக்காத, ஓடு. நான் இந்தச் செருப்ப துடைச்சுத் திருப்பி வைக்கிறேன். ஆம்பளை ஆளுக எல்லாம் மேல வரப் போறாங்கல்ல.